டீசல் வண்டி அதிகமாகச் சூடேறினாலும், சூடே ஏறாவிட்டாலும்: தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கும் முறை

வண்டி ஹீட் ஆகிறது என்று சொன்னால் பல பட்டறைகளில் முதல் வேலையாக, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டைச் சூடான பிறகே ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். டீசல் எஞ்சினுக்குச் செய்யவே கூடாத வேலை இது. கழற்றிய பிறகு சில வண்டிகள் முன்பைவிட அதிகமாகச் சூடேறும். மற்றவை சூடே ஏறாமல் ஓடி, உள்ளே மெல்ல மெல்லத் தேயும். இந்த இரண்டாவது கோளாறு வெளியே தெரியாது என்பதால் அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். கார், பிக்கப், டிராக்டர், ரேடியேட்டர் உள்ள டீசல் ஜெனரேட்டர் எதுவானாலும் கீழே சொல்லும் முறை பொருந்தும்.

அது உள்ளே செய்கிற வேலை

தெர்மோஸ்டாட்டின் நடுவில் ஒரு சிறிய உலோகக் குப்பி இருக்கும். அதற்குள் மெழுகு. எஞ்சினிலிருந்து வரும் கூலண்ட் சூடானதும் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், வால்வு திறக்கும், கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும். சூடு குறைந்தால் ஸ்பிரிங் வால்வை மறுபடி மூடிவிடும். அதன் மேல் 82, 88 என்பதுபோல ஒரு எண் பொறித்திருப்பார்கள். அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. முழுதாகத் திறக்க அதற்கு மேல் இன்னும் 10 முதல் 15 டிகிரி வேண்டும்.

வால்வு மூடியிருக்கும்போது கூலண்ட் நின்றுவிடுவதில்லை. பைபாஸ் என்ற தனி வழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பல தெர்மோஸ்டாட்டுகளில் கீழ்ப்பக்கம் இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கத் திறக்க இந்தத் தட்டு பைபாஸை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸை அடைக்க ஆள் இல்லை. கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பத் திரும்ப எஞ்சினுக்குள் போகும். தெர்மோஸ்டாட் கழற்றிய வண்டி லோடு ஏற்றி மலை ஏறும்போது கொதிப்பது இதனால்தான்.

டீசலுக்கு இன்னொரு தனிக்குணமும் உண்டு. ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, அது எரிக்கும் டீசல் மிகக் குறைவு, உள்ளே இழுக்கும் காற்றோ நிறைய. அதனால் பெட்ரோல் எஞ்சின் நின்ற இடத்திலேயே சூடாகிற நேரத்தில் டீசல் எஞ்சின் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இந்த நிலையில் தெர்மோஸ்டாட்டும் திறந்தபடி சிக்கிக்கொண்டால், எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை எட்டவே எட்டாது. டீசல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் படியும், அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும், கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். எரிவதால் உண்டாகும் நீராவியும் அமிலமும் சிலிண்டரின் உட்சுவரான குளிர்ந்த லைனர் மேல் படிந்து அரிக்கும். டிபிஎஃப் என்னும் புகைக்கரி ஃபில்டர் உள்ள வண்டிகளில், கூலண்ட் போதிய சூட்டுக்கு வராவிட்டால் அந்தக் கரியை எரிக்கும் வேலையை எஞ்சினின் கணினியான இசியூ தொடங்காது. ஃபில்டர் அடைத்துக்கொண்டே போகும். உரிமையாளர் ஃபில்டரைக் குறை சொல்லிச் செலவு செய்துகொண்டிருப்பார்.

தொடங்கும் முன்

டேஷ்போர்டு முள்ளை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். இப்போதைய கார்களில் ஒரு பெரிய இடைவெளிக்குள் வெப்பநிலை எப்படி ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். உண்மையான எண் வேண்டுமென்றால் வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனர் மாட்டிப் பாருங்கள். ஃபோனோடு ப்ளூடூத்தில் இணையும் மலிவான அடாப்டர் போதும். சாக்கெட் இல்லாத டிராக்டருக்கும் பழைய லாரிக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் உதவும். அதைப் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நீட்டினால் தவறான எண் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அளந்து பாருங்கள்.

அடுத்து, தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல எஞ்சின்களில் மேல் ஹோஸ், அதாவது ரேடியேட்டரின் மேல் பக்கத்து ரப்பர் குழாய், எஞ்சினோடு சேரும் இடத்தில் இருக்கும். வேறு பலவற்றில் கீழ் ஹோஸ் பக்கம், வாட்டர் பம்புக்குள் கூலண்ட் நுழையும் இடத்தில் இருக்கும். இது தெரியாமல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் தலைகீழான முடிவுதான் கிடைக்கும். கீழே இருக்கும் வகையில் மேல் ஹோஸ் நேராக எஞ்சினோடு சேர்ந்திருப்பதால், வால்வு மூடியிருந்தாலும் அது மெல்லச் சூடாகும். அங்கே கவனிக்க வேண்டியது கீழ் ஹோஸை. சில கனரக எஞ்சின்களில் ஒரே வீட்டுக்குள், அதாவது தெர்மோஸ்டாட் உட்காரும் உறைக்குள், இரண்டு தெர்மோஸ்டாட் இருக்கும். ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சூடான ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலண்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் விடுபட்டு, அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில், எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் திடீரென்று சுழலலாம். கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அறிகுறி: கிளம்பிச் சில நிமிடங்களில் சிவப்புக்கு ஏறுகிறது

காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எண் 100-ஐத் தாண்டுகிறது என்றால், வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம். மேல் ஹோஸ் பக்கம் தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சினில், எஞ்சின் கொதிக்கும்போது மேல் ஹோஸைத் தொட்டால் வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருக்கும், ரேடியேட்டரும் அப்படியே. கீழ் ஹோஸ் பக்கம் உள்ள எஞ்சினில் மேல் ஹோஸ் கொதிக்கும், கீழ் ஹோஸ் குளிர்ந்திருக்கும்.

இங்கேயே முடிவு கட்டிவிடாதீர்கள். வாட்டர் பம்ப் வேலை செய்யாவிட்டாலும் இதே காட்சிதான் தெரியும். கூலண்ட் குறைந்து, மெழுகுக் குப்பியைச் சுற்றிக் காற்று நின்றாலும் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் காற்று மெழுகைச் சரியாகச் சூடாக்காது. பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி, கேபின் ஹீட்டர். பெரும்பாலான கார்களில் ஹீட்டருக்குப் போகும் கூலண்ட் தெர்மோஸ்டாட்டைக் கடக்காமலே போகிறது. ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள்.

எஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டரும் அனலாக வீசுகிறது, ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்திருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாம். எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், கூலண்ட் அங்கே வந்து சேரவில்லை. அளவு குறைந்திருக்கிறதா, காற்று அடைத்த ஏர் லாக்கா, பம்பா, பெல்ட் வழுக்குகிறதா என்று அந்த வரிசையிலேயே தேடுங்கள். ஹீட்டர் இல்லாத லாரியிலும் டிராக்டரிலும், வெளியே தெரியும் பைபாஸ் ஹோஸ் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். அது கொதித்தால் பம்ப் சுற்றவைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டையும் இங்கேயே விலக்கிவிட வேண்டும். அது போயிருந்தால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி ஓரிரு நிமிடத்திலேயே, இன்னும் சூடேறாத நிலையில், மேல் ஹோஸ் கல்போல இறுகிவிடும். கூலண்ட் டேங்கில் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். எங்கும் கசியாமல் கூலண்ட் குறையும். டீசலில் இன்னொரு சந்தேகம், எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர். அது உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் எஞ்சினுக்குள் போய் வெள்ளைப் புகையாக வெளியேறும். இந்த அறிகுறிகள் இருக்கும்போது புது தெர்மோஸ்டாட் வாங்குவது வீண் செலவு.

அறிகுறி: சூடே ஏறவில்லை, நெடுஞ்சாலையில் எண் இறங்குகிறது

வண்டி ஹீட் ஆனால் எல்லோரும் பதறுகிறார்கள். ஆகாவிட்டால் யாரும் பட்டறைக்கு வருவதில்லை. மைலேஜ் குறைந்துவிட்டது, காலையில் வெள்ளைப் புகை அதிகம், வேகம் எடுப்பது மந்தம் என்று வேறு புகார்களோடு வருவார்கள். ஆயில் அளவு ஏறியிருந்தால் அதில் டீசல் கலந்திருக்கக்கூடும்.

சமவெளியில் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும். மே மாதம் சென்னை நெரிசலில், காற்றே 38 டிகிரியில் இருக்கும்போது, வால்வு முழுதாகத் திறந்து கிடந்தாலும் எஞ்சின் 80-ஐ ஒட்டி வந்துவிடும். பைபாஸ் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான், ரேடியேட்டரில் காற்று வேகமாக அடித்து, எண் 70, 65 என்று இறங்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ டிசம்பர் காலையில் ஓட்டினால் உடனே தெரிந்துவிடும். மலை இறங்கும்போதும் அப்படியே, ஏனென்றால் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் டீசல் எரிவதே இல்லை.

சோதிக்கும் முன் சென்சாரை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், கிளப்பும் முன் ஸ்கேனரில் கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28 என்றும் கூலண்ட் 15 என்றும் காட்டினால், சென்சாரோ அதன் வயரோதான் தப்பு.

சென்சார் சரி என்றால் கிளப்பி, மெதுவாக ஓட்டுங்கள். எண் 50, 60 என்று ஏறும்போது நிறுத்தி, தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால் ரேடியேட்டர் பக்கம் உள்ள ஹோஸைத் தொடுங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் அது இன்னும் குளிர்ந்தே இருக்க வேண்டும். பொறித்த எண்ணை ஒட்டி வந்ததும், ஓரிரு நிமிடத்துக்குள், கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக வேண்டும். எஞ்சினோடு சேர்ந்தே அந்த ஹோஸும் ஆரம்பத்திலிருந்து மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தால், வால்வு மூடவில்லை. வால்வு மூடும்போது படியும் சீட்டில் ஒரு சிறு துண்டு உப்புப் படிவமோ பழைய கேஸ்கெட் துணுக்கோ சிக்கியிருந்தாலும் இதற்குப் போதும். ஸ்பிரிங் உடைந்தோ தளர்ந்தோ போயிருக்கலாம். அல்லது முன்பு யாரோ கழற்றியிருக்கலாம். பழைய வண்டி வாங்கியவர்கள் இதை முதலில் சந்தேகப்படுவது நல்லது.

கேபின் ஹீட்டர் மலைப்பகுதியில் சரியாகச் சூடு தரவில்லை என்பதும் இதே கதைதான்.

ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடுகள்

பி0128 என்பது, எஞ்சின் இவ்வளவு நேரம் ஓடியும் கூலண்ட் தெர்மோஸ்டாட்டின் வெப்பநிலையை எட்டவில்லை என்று இசியூ சொல்வது. பெரும்பாலும் திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட்தான் காரணம். ஆனால் கூலண்ட் குறைந்திருந்தாலும், ஃபேன் எப்போதும் சுழன்றுகொண்டே இருந்தாலும் இந்தக் குறியீடு வரும். பி0117, பி0118 இரண்டும் சென்சார் சர்க்யூட்டைப் பற்றியவை. அவை இருந்தால் முதலில் வயரைச் சரிசெய்யுங்கள். பி0597, பி0598, பி0599 என்பவை மின்சாரத்தால் சூடாக்கித் திறக்கும் வகைத் தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின்களில் மட்டும் வரும். அவற்றில் கனெக்டரைப் பார்த்த பிறகே பாகத்தைத் தொட வேண்டும்.

அறிகுறி: முள் ஏறி இறங்கி ஆடுகிறது

எஞ்சின் சூடேறும்போது, வால்வு முதல்முறை திறக்கிற வேளையில் எண் சில டிகிரி இறங்கி மறுபடி ஏறுவது இயல்பு. ஆனால் 105-க்குப் போய்ச் சட்டென்று 80-க்கு இறங்கி மறுபடி ஏறினால், வால்வு சிக்கிச் சிக்கித் திறக்கிறது, அல்லது உள்ளே காற்று இருக்கிறது. சமீபத்தில் கூலண்ட் மாற்றியிருந்தால் காற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு நொடியில் 20 டிகிரி தாவினால் அது கூலண்ட் அல்ல. அத்தனை லிட்டர் திரவமும் அவ்வளவு வேகத்தில் சூடாகாது, குளிராது. சென்சாரின் கனெக்டரைப் பாருங்கள்.

அறிகுறி: லோடு ஏற்றினால், மலை ஏறினால் மட்டும் ஹீட்

வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ லோடோடு ஏறும் பிக்கப்காரர்கள் சொல்லும் புகார் இது. கீழே எல்லாம் சரியாக இருக்கும். பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட்டும் காரணமாகலாம், ஆனால் இங்கே அது பல சந்தேகங்களில் ஒன்று மட்டுமே.

ஏறி நின்றதும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரேடியேட்டரின் மேல் வாயிலும் கீழ் வாயிலும் வெப்பநிலையை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் கூலண்ட் போதிய அளவு ஓடவில்லை. ஓடுகிற கொஞ்சமும் ரேடியேட்டரில் நெடுநேரம் தங்கிக் குளிர்ந்துவிடுகிறது. காரணம் பாதி திறந்த தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப், அல்லது உள்ளே உப்பு அடைத்த டியூப்கள். வித்தியாசம் மிகச் சிறிதாக இருந்து இரண்டு முனையும் கொதித்தால், கூலண்ட் நன்றாக ஓடுகிறது, ஆனால் காற்று சூட்டை எடுக்கவில்லை. சேறும் பூச்சியும் அடைத்த ரேடியேட்டர் வலை, நெல் அறுவடையில் ஓடிய டிராக்டர் என்றால் வைக்கோல் தூசி, அல்லது சூடானதும் பிடித்து வேகமாகச் சுழல வேண்டிய விஸ்கஸ் ஃபேன் பிடிக்காமல் போவது. இந்த இரண்டாவது நிலையில் தெர்மோஸ்டாட்டைத் தொட வேண்டியதே இல்லை.

ஓட்டம் குறைவு என்று தெரிந்தால், ரேடியேட்டரின் முகப்பு முழுவதும் இன்ஃப்ராரெட்டை நகர்த்திப் பாருங்கள். திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் டியூப் அடைப்பு. போர் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் இதுதான் அதிகம். அதே உப்பு தெர்மோஸ்டாட்டையும் இறுக்கியிருக்கும்.

நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், ஃபேனைப் பாருங்கள்.

கழற்றிய பிறகு: பாத்திரத்தில் வைத்துப் பார்ப்பது

கழற்றியதை வெந்நீரில் சோதிக்காமல் தூக்கிப் போடாதீர்கள். புதிதாக வாங்கியதையும் மாட்டும் முன் இதே முறையில் பாருங்கள், கடையிலிருந்து வந்ததே சரியில்லாமல் இருந்த அனுபவம் பலருக்கு உண்டு.

முதலில், குளிர்ந்த நிலையில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சீட்டைச் சுற்றிக் கீற்றாகவும் வெளிச்சம் தெரியக் கூடாது. காற்றுப் போக வைத்திருக்கும் சிறு துளை மட்டும் விதிவிலக்கு. அடுத்து, வால்வை விரலால் சற்றே தள்ளி ஒரு நூலை இடையில் விட்டு மூடுங்கள். அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. சமையல் தெர்மாமீட்டரையும் அப்படியே தொங்கவிட்டு, தீயைக் குறைத்து வைத்துக் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். வால்வு திறக்கத் தொடங்கும்போது பிடி விட்டுத் தெர்மோஸ்டாட் விழும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறித்த எண்ணிலிருந்து இரண்டு மூன்று டிகிரி தள்ளியிருந்தால் சரி. பத்து டிகிரி தள்ளினால் மாற்றுங்கள். கொதித்தும் அசையவே இல்லையென்றால், மெழுகு கசிந்து போயிருக்கும்.

சூட்டை மேலும் ஏற்றி, எவ்வளவு திறக்கிறது என்றும் பாருங்கள். பிறகு வெளியே எடுத்து ஆறவிட்டால் முழுதாக மூட வேண்டும். பாதியில் நிற்பதுதான் பாத்திரத்தில் அதிகம் அகப்படும் கோளாறு.

ஊட்டியில் சோதிப்பவர்களுக்கு ஒன்று: அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 88 என்று பொறித்த தெர்மோஸ்டாட் அங்கே திறந்த பாத்திரத்தில் முழுதாகத் திறக்காது. அதைக் கெட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். திறக்கத் தொடங்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

புதியதை மாட்டுவது

பழையதில் இருந்த அதே எண்ணை வாங்குங்கள். 88-க்குப் பதில் 76 போட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்று கடையில் சொல்வார்கள். வால்வு முழுதாகத் திறந்த பிறகு எவ்வளவு சூடு வெளியேறும் என்பதை ரேடியேட்டரும் ஃபேனும் பம்பும் தீர்மானிக்கின்றன. மலையில் கொதிக்கும் வண்டி 76 போட்டாலும் கொதிக்கும், சமவெளியில் மட்டும் தேவையில்லாமல் குளிர்ந்து ஓடும்.

மெழுகுக் குப்பியும் ஸ்பிரிங்கும் எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சூடான கூலண்ட் மெழுகைத் தொடாது, வால்வு திறக்காது. ஆடும் சிறு பின் உள்ள துளை மேலே வர வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது துணுக்குகள் உள்ளே விழாமல் துணி அடையுங்கள். ரப்பர் ரிங் உள்ள வகைக்கு மேலே பேஸ்ட் பூச வேண்டாம். 6 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். பிளாஸ்டிக் வீடுகள் அதற்கு மேல் தாங்காது.

கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. இந்தக் கலவை திறந்த நிலையிலேயே சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது, மூடியின் அழுத்தம் சேர்ந்தால் அதற்கும் மேல். வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக நிற்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். காற்று விடும் ஸ்க்ரூ இருந்தால் குமிழி இல்லாமல் கூலண்ட் வரும் வரை திறந்து வையுங்கள். பிறகு மூடியை மாட்டி, கீழ் ஹோஸ் சூடாகும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் காலை, முழுதும் குளிர்ந்த பிறகு, குறைந்த அளவை நிரப்புங்கள்.

ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ரேடியேட்டர் பக்கத்து ஹோஸ் பொறித்த எண் வரை குளிர்ந்திருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். பைபாஸ் சாலையில் வேகமாகப் போகும்போது எண் அந்த அளவுக்குக் கீழே சரியக் கூடாது. ஒரு வாரத்துக்குக் காலையில் டேங்கின் அளவையும் தெர்மோஸ்டாட் வீட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். இணைப்பில் ஈரம் இல்லாமலே அளவு தொடர்ந்து குறைந்தால், பம்பின் கசிவுத் துளையையும் இஜிஆர் கூலரையும் சோதிக்க வேண்டும்.